அம்மா கட்டிய முயல் கூண்டு

எங்கள் தெருவில் யாராவது ஒரு காரியத்தை ஆரம்பித்துக் கெடுத்துவிட்டால், "கமலவேணி முயல் வளத்த கதைதான்" என்பார்கள். கமலவேணி என் அம்மா. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். வயது நாற்பத்தாறு. ஒன்பது வருஷமாக இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இதே குருசுக்குப்பத்தில் குடியிருக்கிறாள். போன மீன்பிடித் தடைக்காலத்தில் அவள் மறுபடியும் முயல் வளர்க்கப் போகிறேன் என்றாள். நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, காலேஜ் லிஸ்ட் எப்போது வரும் என்று போனைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தேன். அதனால் நடந்தது எல்லாவற்றையும் கூட இருந்து பார்த்தேன்.

முதலில் பழைய கதையைச் சொல்ல வேண்டும். நான் நாலாவது படிக்கும்போது அம்மா நாலு முயல் வளர்த்தாள். கறிக்கா என்று எல்லோரும் கேட்டார்கள். "பாக்கறதுக்கு" என்பாள். விடியற்காலையிலிருந்து விலை பேசிப் பேசித் தொண்டை கட்டி வருகிறவளுக்கு, சத்தமே போடாத ஒரு பிராணி பிடித்திருந்தது. வேறு காரணம் எதுவும் கிடையாது.

கூண்டு கட்டிக் கொடுத்தவர் அப்பா. கண்ணையன் என்றால் துறைமுகத்தில் தெரியும். விசைப்படகில் போகிறவர், கிழிந்த வலையை இவரைப் போலச் சரிசெய்ய ஆள் இல்லை என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் நாலு சவுக்குக் கழியை நட்டு, படகில் கழித்துப் போட்ட பழைய வலையைச் சுற்றி இழுத்துக் கட்டினார். "என் முடிச்ச மீனே அவுத்தது இல்ல. முயலா அவுக்கப் போவுது?" என்றார்.

ஒரு நாள் சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வலை கிழிந்து தொங்கியது. மணல் முழுக்க வெள்ளை முடி. இரண்டு முயல் செத்துக் கிடந்தன. ஒன்றைக் காணவே இல்லை. துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கறுப்பு முயல் மறுநாள் செத்தது. கூண்டுக் கதவு திறந்திருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொக்கிய மாட்டாம மார்க்கெட்டுக்குப் போயிட்டா. நாயி கதவு வழியா உள்ள பூந்துடுச்சி."

எதற்கும் வாயை மூடாத அம்மா அன்றைக்கு மூடினாள். அதுதான் தப்பாகப் போய்விட்டது. அப்புறம் அவள் எதைக் கேட்டாலும் முயல் வந்து நின்றது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு எக்ஸெல் மொபெட் வாங்கி, நானே மீன் ஏலத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். "முயலயே பாத்துக்க முடியல, வண்டிய பாத்துக்கப் போறியா?" என்றார் அப்பா. வண்டி வரவில்லை.

இப்போது இந்த வருஷத்துக்கு வருகிறேன். தடைக்காலத்தில் விசைப்படகுகள் இரண்டு மாசம் கடலுக்குப் போகாது. அப்பா காலையில் துறைமுகத்தில் வலை சரிசெய்துவிட்டு மதியமே வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரு நாள் சோறு போடும்போது அம்மா சொன்னாள், "நான் முயல் வாங்கப் போறேன்."

அப்பா சிரித்தார். "எத்தன நாளைக்கி?"

"நான் சாவற வரைக்கும்."

"நாய்க்குப் போடறதுக்கா?"

"நாய்க்குப் போட எங்கிட்ட மீன் தல இருக்குது. முயல் எனக்கு."

அவள் ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டிருந்தாள். டவுனின் அந்தப் பக்கம் இருக்கும் கதிர்காமத்திலிருந்து வந்து வாரம் தவறாமல் அவளிடம் மீன் வாங்கும் இராமதாஸ் சார், மொட்டை மாடியில் முயல் வளர்க்கிறார். ஒரு ஜோடிக் குட்டி தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. "வெளிய வச்சி வளக்கறதுன்னா நான் வந்து கூண்ட பாக்கணும்மா. பாத்துட்டுதான் குடுப்பேன்."

காயலான் கடையிலிருந்து அம்மா ஒரு பழைய இரும்புக் கட்டிலை வாடகைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வந்தாள். அதன் நான்கு கால்களையும் சட்டத்தையும் வைத்துக் கூண்டு. சுற்றிலும் இரும்புக் கம்பியாலான வெல்டு மெஷ்; கதவும் அதேதான், மூலைகளைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினோம். முயல் உள்ளேயிருந்து தோண்டும், நாய் வெளியேயிருந்து தோண்டும் என்பதால் நானும் அவளும் முழங்கால் ஆழத்துக்கு மணலைத் தோண்டி அடியிலும் மெஷ் விரித்தோம். மேலே தென்னங்கீற்று. உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு ஆப்பிள் பெட்டி வைத்தோம்; வெயிலில் குளிர்ச்சியாக இருக்க ஒரு பானையைப் படுக்க வைத்துப் பாதி புதைத்தோம்.

தோண்டிக்கொண்டிருந்தபோது அம்மா நிமிராமலே சொன்னாள்: "அன்னைக்கி நான் கொக்கிய மாட்டினேனான்னு எனக்கே தெரியலடி. மாட்டின மாதிரியும் இருக்குது, மாட்டாத மாதிரியும் இருக்குது."

அவள் வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்ப்பாள். ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்பாவோடு படகில் போகும் சின்னக்கண்ணு பக்கத்து வீடு. மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "என்னா அண்ணி, ஜெயிலு கட்றீங்களா?" என்பார்.

"ஆமா தம்பி. இடம் இருக்குது, வர்றியா?"

கூண்டு முடிந்ததும் அம்மா ஒரு முடிவு செய்தாள். பத்து நாள் அது காலியாக நிற்க வேண்டும். நாய் வருகிறதா, எங்கே மோப்பம் பிடிக்கிறது, எங்கே தோண்டுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் முயல். காவல் வேலை எனக்கு. ஆறு நாள் எந்த நாயும் வரவில்லை. தெரு நாய்கள் இரண்டும் கூண்டைத் தாண்டிப் போயின, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏழாவது நாள் அப்பா கூண்டைச் சுற்றி வந்தார். கதவின் கீழ் மூலையில் கட்டுக்கம்பி லேசாகத் துரு ஏறியிருந்தது. "உப்புக் காத்துக்கு இது ஒரு மாசம் தாங்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இடுப்பில் செருகியிருந்த பழைய வலைத் துண்டை எடுத்துக் கிழித்து, அந்த மூலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். யாரும் கேட்காமலே செய்தார். மார்க்கெட்டிலிருந்து வந்த அம்மா அந்த முடிச்சைப் பார்த்தாள். அவிழ்க்கவில்லை. "இப்பயாவது கை வச்சாரே" என்றாள்.

எட்டாவது நாள் மதியம் மூன்று மணி இருக்கும். பின்னால் இரும்பு அதிரும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு நாயும் கூண்டில் இருந்தன. தோண்டவில்லை, சுற்றவில்லை. ஒரே மூலையில் பல்லை வைத்து இழுத்துக்கொண்டிருந்தன. அப்பா கட்டிய மூலை.

"அம்மா!"

அவள் துடைப்பத்தோடு வந்தாள். நாய்கள் நாலடி தள்ளி நின்றன, போகவில்லை. அம்மா குனிந்து பார்த்தாள். வலைத்துண்டு பாதி அறுந்து எச்சிலோடு தொங்கியது. கதவு அந்த மூலையில் விலகியிருந்தது. அவள் என்னை மீன் ஆய்கிற கத்தியைக் கொண்டுவரச் சொல்லி, அந்தத் துண்டை அறுத்தெடுத்து, கோபத்தில் சந்துப் பக்கம் வீசினாள்.

இரண்டு நாயும் அதன் பின்னால் ஓடின. கூண்டை விட்டுவிட்டன. சந்தில் அதைப் போட்டு மிதித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் கடித்து இழுத்தன.

அம்மா அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுக்குள் போய், அப்பா மூலையில் போட்டிருந்த வலையிலிருந்து இன்னொரு துண்டு வெட்டி வந்தாள். மூக்கில் வைத்தாள். என்னிடம் நீட்டினாள்.

"என்னா வாடை வருது?"

மோந்து பார்த்தேன். "ஒண்ணும் வரலயே."

"எனக்கும் வரல." துண்டை மறுபடியும் மோந்தாள். "பொறந்ததுல இருந்து மீன்லயே கெடக்கறோம். நமக்கு எப்படிடி வரும்? நாய்க்கு வருது. கூண்டு காலியா இருக்குது. முயலே இல்ல. அப்பறம் எதுக்கு வந்துச்சி?"

அந்தப் பழைய கூண்டு நாலு பக்கமும் வலை. வருஷக்கணக்கில் மீன் அள்ளிய வலை. அதைக் கடித்துத்தான் நாய்கள் உள்ளே போயிருக்கின்றன. இழுத்த இழுப்பில் கதவும் திறந்துகொண்டிருக்கும். அம்மா கொக்கியை மாட்டினாளா இல்லையா என்பது இனி ஒரு கேள்வியே இல்லை.

அன்றைக்குத் துறைமுகத்தில் வேலை இழுத்து, சாயங்காலம்தான் அப்பா வந்தார். வந்ததும் அம்மா அந்தத் துண்டை அவர் மூக்கருகே நீட்டினாள். "மோந்து பாரு."

"என்னா? ஒண்ணும் இல்லயே."

"உனக்கு இல்ல, எனக்கும் இல்ல. நாய்க்கு இருக்குதுய்யா." நடந்ததைச் சொன்னாள். அறுந்த மூலையைக் காட்டினாள். அப்பா மூலையைத் தடவிப் பார்த்தார், சந்தில் கிடந்த நைந்த நூலைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஒரு வார்த்த சொன்னாரா பாத்தியா? போய்க் கேளும்மா."

"நீ சும்மா இரு" என்றாள் அம்மா. "சொல்லாம எங்க போவாரு?"

மூலையில் புதுக் கட்டுக்கம்பி போட்டு முறுக்கினாள். துரு பிடித்தால் மாதம் ஒரு தடவை மாற்றிக்கொள்கிறேன் என்றாள். மேலும் பத்து நாள் கூண்டு காலியாக நின்றது. நாய் வரவில்லை. இராமதாஸ் சார் வந்து மெஷ்ஷை உலுக்கிப் பார்த்தார், மண்ணை நோண்டிப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கும்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சோப்புப் போட்டுக் குளித்து, மார்க்கெட்டுக்குக் கட்டாத புடவையைக் கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் இரண்டு குட்டிகள், ஒன்று சாம்பல் நிறம், ஒன்று வெள்ளை. பஸ்ஸில் யாரையும் பக்கத்தில் உட்கார விடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சின்னக்கண்ணு மதிலில் சாய்ந்து நின்றார். தெருவில் இன்னும் நாலு பேர். "அண்ணி, பேரு வச்சிட்டீங்களா? இல்ல நாயே வச்சிக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா அப்போதுதான் துறைமுகத்திலிருந்து வந்திருந்தார். பெட்டியை வாங்கக் கையை நீட்டினார்.

"கைய கழுவு" என்றாள் அம்மா.

"கழுவிட்டுதான் வந்தேன்."

"சோப்பு போட்டு. முழங்கை வரைக்கும்."

"என்னாண்ணே, ஆஸ்பத்திரியா ஆயிடுச்சா ஊடு?" என்றார் சின்னக்கண்ணு.

அப்பா குழாயடிக்குப் போனார். சோப்பை எடுத்துத் தேய்த்தார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே பேசினார்: "அன்னைக்கி நாயி என் வலைக்கித்தான்டா வந்துச்சி. அவ மேல தப்பு இல்ல."

சின்னக்கண்ணு சிரிப்பதை நிறுத்தினார்.

அம்மா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னாள், "தண்ணி சத்தத்துல கேக்கல. கொழாய மூடிட்டுச் சொல்லு."

அப்பா குழாயை மூடினார். திரும்பி நின்று, தெருவைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார்.