குருவிகளின் வரிசை

சமயபுரம் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி பேட்ரிசியா அக்காவின் திராட்சைப் பந்தல் இருக்கிறது. எதிர்வீடு எங்களுடையது. தபால் நிலைய வேலையை விட்டதும், கணவர் வழியில் வந்த அரை ஏக்கரில் அவர் போட்ட பந்தல் அது. கொடிகளைக் கட்ட பிளாஸ்டிக் கயிறு கிடையாது. ஸ்ரீரங்கத்தில் பூக்கடைக்காரர்கள் கழித்துப்போடும் வாழைநார்தான். பந்தலுக்குக் கீழே சணப்பு விதைத்து, பூக்கும் முன் மடக்கி மண்ணிலேயே உரமாக விடுவார். இலையில் சாம்பல் நோய் கண்டால் பாலில் தண்ணீர் கலந்து தெளிப்பார். சாறு பிழிந்த தோலும் காம்பும் திரும்பக் கொடியின் காலடிக்கே போய்விடும்.

அந்தச் சாறு நொதித்து, பங்குக் கோயில் பூசையில் வைக்கும் திராட்சை ரசமாகிறது. அதைத் தயாரிக்கும் உரிமம் கோயில் பெயரில் இருக்கிறது. பூசை ரசத்தில் திராட்சையைத் தவிர வேறு எதுவும் சேரக்கூடாது, ஒரு சிட்டிகை சர்க்கரைகூட. "ஜாடிக்குள்ள ஒண்ணும் சேரக்கூடாதுன்னா மண்ணுக்குள்ள மட்டும் சேரலாமா?" என்பார். மருந்து அடிக்காததற்கு அவர் சொல்லும் ஒரே காரணம் இதுதான்.

வேலியோரக் கடைசி வரிசையை அவர் அறுப்பதில்லை. அது கொண்டைக்குருவிக்கும் மைனாவுக்கும். வலை கட்டினால் சிக்கிச் சாகும் என்று வரிசையையே விட்டுவிட்டார்.

போன ஆண்டு பழுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாறு புளிப்பாகத்தான் இறங்கியது. ஸ்ரீரங்கத்தில் ஊறுகாய் போடும் ஒரு வீட்டில் வாங்கிய பெரிய பீங்கான் ஜாடியில் அதைத் தோலோடு நொதிக்க ஊற்றிவிட்டு, தியானத்துக்காக அக்கா சில நாள் வெளியூர் போனார். மேலே மிதக்கும் தோலைத் தினமும் கிளறிவிடும் பொறுப்பு நாத்தனார் பிரான்சியிடம்.

அக்கா திரும்பி வந்ததும் ஜாடியை நிழலுக்கு நகர்த்த என்னைக் கூப்பிட்டார்கள். மூடியைத் திறந்ததும் அக்காவின் முகம் மாறியது. கிறிஸ்துமஸ் வாசனை.

"நல்லவேளை நான் இருந்தேன் அண்ணி," என்றார் பிரான்சி. "ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன், பல்லு கூசிப் போச்சு. சர்க்கரை போட மறந்துட்டீங்களேன்னு எல்லாம் போட்டுட்டேன்."

"எல்லாம்னா?"

"சர்க்கரை, கோதுமை, கிராம்பு. பட்டை கொஞ்சந்தான்."

"கேக்கையும் சேர்த்துப் போட்டிருக்கலாமே."

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பண்டிகைக்கு ஒயின் போடும் எவரும் இதைத்தான் செய்திருப்பார்கள். வீட்டுக்கு வேறு, பீடத்துக்கு வேறு என்பது பிரான்சிக்கு அப்போதுதான் உறைத்தது. அழ ஆரம்பித்துவிட்டார்.

"யாருக்குத் தெரியப் போகுது அண்ணி? வடிகட்டிடலாம். பங்குச்சாமிக்குத்தான் எப்பவும் ஜலதோஷமாச்சே, வாசனையே தெரியாது."

"சாமிக்கு ஜலதோஷம். மேல இருக்கிறவருக்கு?"

அன்றே அக்கா பங்குச்சாமி ஜோஸிடம் போய்ச் சொல்லிவிட்டார். "அந்த ஜாடி பூசைக்கு ஆகாது சாமி."

"ஏம்மா, புளிச்சுடுச்சா?"

"இல்ல சாமி, இனிச்சுடுச்சு."

சாமி சிரித்துவிட்டார். "பரவாயில்ல, இந்த வருஷம் வெளியில வாங்கிக்கிறேன்."

"கிறிஸ்துமஸுக்கு மட்டும் வாங்காதீங்க சாமி. பார்க்கிறேன்."

பார்ப்பதற்கு மிச்சம் இருந்தது குருவிகளின் வரிசை மட்டுந்தான். மறுநாள் காலையில் கூடையோடு அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"மொத்தமாப் பறிச்சுடலாம் அண்ணி," என்றார் பிரான்சி. "குருவிக்கென்ன, வேற தோட்டத்துக்குப் போகும்."

"வேற தோட்டத்துல மருந்து அடிச்சிருக்காங்க. அதனாலதானே இங்க வருது."

ஒரு கொடியில் பறித்தார். அடுத்த கொடியைத் தொடாமல் நகர்ந்தார். அதற்கடுத்ததில் பறித்தார். மைனாக்கள் கல்தூணில் உட்கார்ந்து திட்டித் தீர்த்தன. "பாதி உங்களுக்குத்தாண்டி, கத்தாதீங்க," என்றார் அண்ணாந்து பார்த்து. பிரான்சி தள்ளியே நின்றார். இந்த முறை எதையும் தொட அவருக்குப் பயம்.

அதில் கிடைத்த சாறு ஒரு சின்ன ஜாடியின் அடியைத்தான் நனைத்தது. சுருங்கத் தொடங்கிய பழம் என்பதால் நன்றாகவே இனித்தது. டிசம்பரில் தெளிந்து வடித்தபோது ஒரே ஒரு பாட்டில். ஒரு பூசைக்குச் சின்னக் குப்பி போதும். கிறிஸ்துமஸ் போக, ஈஸ்டருக்கும் மிஞ்சும். கிராம்பு போட்ட பெரிய ஜாடி பண்டிகைக்கு முன்பே தெருவுக்கெல்லாம் பங்கு போய்க் காலியாகிவிட்டது. இந்த வருஷம் ஒயின் பிரமாதம் என்று சொல்லாதவர் இல்லை.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் காணிக்கைப் பவனி கிளம்பும் நேரம். அப்பத்தட்டை யாரோ எடுத்துக்கொண்டார்கள். ரசக்குப்பியை வழக்கமாக எடுத்துப்போகும் பேட்ரிசியா அக்கா, அதை நாத்தனாரின் கையில் வைத்தார்.

"நானா? வேணாம் அண்ணி, கொட்டிடுவேன்."

"மெதுவாப் போ," என்ற அக்கா, அவருடைய முந்தானையைச் சரிசெய்துவிட்டு, காதோரம் குனிந்தார்.

"கைக்குள்ள கிராம்பு ஒண்ணும் வச்சிருக்கலையே?"

பிரான்சி சிரிப்பை உதட்டுக்குள் கடித்துக்கொண்டு, குப்பியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி பீடத்தை நோக்கி நடந்தார்.