அடுத்தவன் கார்

எண்பதுகளின் கடைசியில் நான் எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்பியபோது, இராஜபாளையம் ரயிலடிக்கு எங்கள் தெருவே வந்துவிட்டது. அப்பா நூல் மில்லில் மேஸ்திரி. சுந்தரபாண்டியத்தில் இருந்த நிலத்தை விற்றுத்தான் முதல் வருடக் கட்டணத்தைப் புரட்டினார். ஆனால் கேட்டவர்களிடமெல்லாம், "முழு ஸ்காலர்ஷிப்பு. அவியளே கூப்பிட்டுப் படிக்க வைக்காக" என்றார். கஷ்டம் வெளியே தெரிந்தால் அக்காவுக்கு நல்ல இடம் அமையாது என்பது அவர் கணக்கு. என்ன அருமையான கணக்கு!

அங்கே எனக்கு மாணவர் உணவகத்தில் எச்சில் தட்டுக் கழுவும் வேலை. வெந்நீரும் சோப்பும் பட்டு விரலிடுக்கெல்லாம் வெடித்தது. காப்பி விலையைப் பார்த்ததும் மனசு தானாக ரூபாயில் பெருக்கும். பெருக்கி முடித்தால் தாகம் போய்விடும். கூடத் தங்கியிருந்தவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டாம் வருடத்துக்குப் பேராசிரியர் உதவித்தொகை தருவார் என்று நம்பியிருந்தேன். அவர் கையை விரித்துவிட்டார். டாலர் விலையும் ஏறியது. அக்காவுக்கென்று சேர்த்து வைத்த நகையில் பெரும்பகுதியை விற்றுப் பணம் அனுப்பினார்கள்.

எங்களைப் போன்ற மாணவர்களிடம் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஊருக்குப் போட்டோ அனுப்ப வேண்டுமென்றால், கார்கள் நிற்கும் இடத்துக்குப் போய், இருப்பதிலேயே பளபளப்பான காரில் சாய்ந்துகொண்டு நிற்போம். அது யார் காரோ, எவனுக்குத் தெரியும்? அம்மா போட்டோ கேட்டாள் என்று நானும் முறைப்படி ஒரு சிவப்புக் காரில் சாய்ந்து நின்றேன். அப்பா அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார்.

கொஞ்ச நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். இருவருக்கும் பிடித்துப்போனது. நகைப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளையின் தகப்பனார் போட்டோவைப் பார்த்தார். பார்த்துவிட்டு, எங்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத அளவுக்குக் கேட்டார்.

"அம்புட்டுக்கு எங்களுக்கு வசதியில்லைங்க" என்றார் அப்பா.

"என்ன அண்ணாச்சி வெளையாடுதீக? மகன் ஸ்காலர்ஷிப்புல படிச்சுக்கிட்டு காரும் ஓட்டுதான். மகளுக்குப் போட மட்டும் மனசு வரலையாக்கும்?"

அந்த இடத்திலாவது அப்பா உண்மையைச் சொல்லியிருக்கலாம். தெரு முழுக்கச் சொன்ன பொய் அவர் வாயை அடைத்துவிட்டது. வந்தவர்கள் எங்களைக் கஞ்சர்கள் என்று முடிவுகட்டி எழுந்து போனார்கள்.

இதையெல்லாம் அக்காதான் டெலிபோன் பூத்திலிருந்து எனக்குச் சொன்னாள். மீட்டர் ஓட ஓட அவள் பேச்சும் ஓடியது. "அவுகளுக்கு என்னையப் புடிச்சிருந்துச்சு தம்பி" என்றாள். பொறுக்கமாட்டாமல் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அத விடு. நீ ஒழுங்காச் சாப்பிடு. காசு ஏறுது, வைக்கேன்." அன்றைக்குத் தட்டுக் கழுவும்போது அழுதேன். அழ வசதியான இடம் அது. நீராவியில் யாருக்கும் தெரியாது.

அடுத்தடுத்து வந்தவர்களும் அதையே கேட்டார்கள், அப்படியே போனார்கள். நான் படித்து முடித்து, வேலை கிடைத்து, கையில் நாலு காசு சேர்ந்து ஊருக்கு வருவதற்குள் தொண்ணூறுகளில் பாதி போய்விட்டது. அக்கா அப்போது பேண்டேஜ் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முன்தலை நரைத்திருந்தது.

"அக்கா, இனி எம்புட்டு கேட்டாலும் போட்டுருவோம்" என்றேன்.

அவள் சோற்று வாளியைப் பையில் வைத்துக்கொண்டே, "கேக்க ஆரு வாரா தம்பி?" என்றாள்.