யாருடைய ஹெலிகாப்டர்

எழுபத்தொன்றாம் வருஷக் கோடையில் மீஞ்சூர் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு யுத்தம் நடந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் அண்ணனின் ரேடியோ ரிப்பேர்க் கடை. அந்தப் பக்கம் நைனாவின் டீக்கடை. நைனா ஆந்திர எல்லையிலிருந்து வந்து கடை போட்டவர். சின்னவர் பெரியவர் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருவருக்கும் எந்தப் பகையும் கிடையாது. அவர் டீயில்தான் அண்ணனுக்குப் பொழுது விடியும், அண்ணன் ரேடியோவில்தான் அவருக்கு நியூஸ். ஆனால் ஒருவர் ஆமாம் என்றால் மற்றவர் இல்லை என்று சொல்லாவிட்டால் இருவருக்குமே சோறு செரிக்காது.

அந்த ஏப்ரலில் சிலோனில் கலகம் வெடித்தது. அங்கத்துச் சிங்கள இளைஞர்கள் அரசாங்கத்தையே பிடிக்கிறோம் என்று துப்பாக்கியும் கைக்குண்டுமாகக் கிளம்பிப் போலீஸ் ஸ்டேஷன்களைத் தாக்கினார்கள். நாடு முழுக்க ஊரடங்கு. அந்த அரசாங்கம் யார் யாரிடமோ உதவி கேட்டது. நம் நாடு ஹெலிகாப்டர் அனுப்பியது. பாகிஸ்தானும் அனுப்பியது. முகம் பார்த்துப் பேசாத இரண்டு பங்காளிகள் ஒரே கல்யாணத்துக்கு மொய் எழுத வந்து நின்ற மாதிரி ஆயிற்று.

எங்கள் ஸ்டேஷன் ரோட்டுக்கு இது போதாதா?

"நம்ம ஹெலிகாப்டர்தான் மொதல்ல போய் எறங்குச்சு" என்றான் அண்ணன்.

"ரீல் வுடாதப்பா. அவனுங்க பிளேனை நாம நம்ம ஊரு மேல பறக்க வுடல. கொழும்புல எறங்கி எண்ணெ போட்டுக்கினுதானே கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போறானுங்க? அந்த நன்றிக்கு அவன்தான் மொதல்ல ஓடியிருப்பான்" என்றார் நைனா. அவருக்குப் பாகிஸ்தான் மேல் பாசம் ஒன்றும் இல்லை. அண்ணன் பாகிஸ்தான் என்று ஆரம்பித்திருந்தால் அவர் இந்தியா என்றிருப்பார்.

ஒரு வாரத்துக்குள் ரோடே இரண்டு கட்சியாகிவிட்டது. தோற்கிற கட்சி ஜெயிக்கிற கட்சிக்கு ஒரு நாள் பூரா நாஷ்டா வாங்கித்தர வேண்டும் என்று பந்தயம். ரேடியோவோ உதவி போய்ச் சேர்ந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. யாரைக் கேட்பது?

நைனாதான் வழி சொன்னார். "ஒம் மாமனாரு அங்கதானே கீறாரு? அவரு வரட்டும். கண்ணால பார்த்த மனுசன் சொன்னா நான் ஒத்துக்கறேன்."

அவர் சொன்ன மாமனார் என் அண்ணியின் அப்பா. அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்பதே எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

அண்ணி பிறந்து வளர்ந்தது கேகாலைப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்துத் தமிழர்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. அவளுடைய அண்ணன் இந்தியாவுக்கு மனு எழுதிப் போட்டார். அப்பா, பெண்டாட்டியைப் புதைத்த மண்ணை விட்டு வரமாட்டேன் என்று சிலோனுக்கே எழுதிப் போட்டார். அண்ணி தன் அண்ணனோடு கப்பலேறி வந்தாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தபோது, அவர்கள் கொண்டுவந்த ரேடியோ பாடவில்லை என்று அந்த அண்ணன் எங்கள் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு வால்வு போயிருந்தது, அவ்வளவுதான். ஒரு வால்வை மாற்றிய என் அண்ணன் அப்புறமும் எதற்காக அவர்கள் கொட்டகைக்குச் சைக்கிளை மிதித்தான் என்பதை அம்மா ரொம்பத் தாமதமாகக் கண்டுபிடித்தாள். கல்யாணம் முடிந்ததும் அவளுடைய அண்ணன் கோயம்புத்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

அம்மாவுக்கு அண்ணியைப் பிடிக்கவில்லை. "கப்பல்ல வந்தவ. முன்ன பின்ன யாருன்னு கேக்க ஒரு ஆளு உண்டா?" என்பாள். நேராகப் பேசவும் மாட்டாள். அண்ணி பக்கத்திலேயே நிற்பாள். அம்மா என்னைப் பார்த்து, "அவளைச் சாப்புடச் சொல்லு" என்பாள். ஸ்கூலில் நாற்பது பிள்ளைகளை மேய்த்துவிட்டு வந்து வீட்டில் இந்தத் தபால்காரி உத்தியோகம் வேறு எனக்கு. எனக்கு அப்போதே வாய் ஜாஸ்தி. "நீயே சொல்லேன், வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்று கேட்டு முதுகில் வாங்கியிருக்கிறேன்.

கலகம் வெடித்தபோது அண்ணி ஆறு மாதம். வளைகாப்புக்கு ராமேஸ்வரம் கப்பலில் வந்துவிடுகிறேன், வளையல் நான்தான் கொண்டுவருவேன் என்று அவள் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. கேகாலை என்ற பெயர் ஒரு நாள் செய்தியில் வந்தது. அங்கே சண்டை கடுமை என்றார்கள். அண்ணி எழுந்துபோய் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தாள். அரைத்து வழித்த மாவை மறுபடியும் கல்லில் போட்டு அரைத்தாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று சாயங்காலம் கொடியில் துணி எடுக்கும்போது அண்ணி என்னைக் கேட்டாள். "அந்த ஹெலிகாப்டர்ல இருந்து சுடுவாங்களா?"

"நம்மாளுங்க சும்மா சாமான் எடுத்துக்கினு போறாங்களாம். சுட மாட்டாங்க."

"சுட்டா? அவ்வளவு ஒசரத்துலேருந்து பாத்தா சண்டைக்காரன் யாரு, தோட்டத்து ஆளு யாருன்னு தெரியுமா?"

நான் வாத்தியாரம்மா. எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவள். ஈரம் காயாத புடவையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலையில் ஒரு வேடிக்கை நடந்தது. அண்ணன் கடைக்குக் கிளம்பும்போது அம்மா ஒரு மஞ்சள் பையை அவன் கையில் கொடுத்தாள். உள்ளே பழவேற்காட்டு இறால் கருவாடு, துணியால் வாய் கட்டிய மாங்காய் ஊறுகாய், மடிப்புக் கலையாத ஒரு வேட்டி.

"யாருக்கும்மா?"

"ஒன் மாமனாருக்குத்தான். கவர்மெண்டு ஹெலிகாப்டர் சிலோனுக்கு உதவி எடுத்துக்கினு போவுதுன்னு நீதானே தெனம் கத்தற? மீனம்பாக்கத்துல குடுத்துட்டு வா. அவ்ளோ பெரிய வண்டில இந்தப் பைக்கு எடமிருக்காதா?"

அண்ணனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஐயோ அம்மா, அது ராணுவ உதவி!"

"ராணுவம்னா இன்னா? அதுல போறவன் சோறு துன்ன மாட்டானா?"

"அது சண்டைக்குப் போற வண்டிம்மா. பையெல்லாம் வாங்க மாட்டான்."

"அப்பறம் அதுக்கு உதவின்னு எந்தப் புண்ணியவான் பேரு வெச்சான்?" என்றாள் அம்மா. அம்மா கொஞ்சம் யோசித்தாள். "சரி, நம்மாளு வாங்கலன்னா அந்தப் பாகிஸ்தான்காரனாண்ட குடு. யாரு எடுத்துக்கினு போனா இன்னா? அந்த மனுசனுக்குப் போய்ச் சேந்தா சரி."

அடுப்படியில் அண்ணி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். அப்புறம் அது சிரிப்பாக இல்லை. அம்மா போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாத்துக்கு அழுவற? ஒங்கப்பா நல்லாத்தான் இருப்பாரு. எழுந்து மூஞ்சி கழுவு" என்றாள். என் வழியாக இல்லை, நேராக. அன்றோடு என் தபால்காரி உத்தியோகம் போயிற்று. வேலை போனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

மஞ்சள் பை மீனம்பாக்கத்துக்கும் போகவில்லை, கொழும்புக்கும் போகவில்லை. கொஞ்ச நாள் ஆணியில் தொங்கியது. கருவாட்டு வாசனைக்குப் பூனைகள் வீட்டைச் சுற்ற ஆரம்பித்ததும் அம்மா அதை எடுத்துக் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். "ஒங்கப்பா பங்கையும் நீயே துன்னு. உள்ளாற இருக்கறது அவரு பேரப்புள்ளதானே" என்று அண்ணியின் தட்டில் ஊற்றினாள்.

வளைகாப்பு நாளும் வந்தது, அவள் அப்பா வரவில்லை. வளையல் போட்டு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எந்தத் தாய்வீட்டுக்கு அனுப்புவது? வந்திருந்த பெண்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். அம்மா தாம்பாளத்தை என் கையில் கொடுத்து, "இவளைக் கூட்டிக்கினு தெருவைச் சுத்திப் பின்பக்கமா வா" என்றாள். மேளம் இல்லை, தாளம் இல்லை; நான் தாம்பாளத்தோடு முன்னால் போக, அண்ணி கைநிறைய வளையலோடு பின்னால் வந்தாள். சந்து திரும்பிக் கொல்லைக் கதவுக்கு வந்தால் அங்கே அம்மா ஆரத்தியோடு மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளேயே ஓடி வந்திருக்கிறாள்.

"வாம்மா. இதான் ஒன் தாயூடு" என்றாள்.

அன்றிலிருந்து பின்கட்டு அறை அண்ணியின் தாய்வீடு. அண்ணன் நினைத்த நேரத்தில் அங்கே நுழைய முடியாது. "மாப்ள, சொல்லிட்டு வரணும்" என்று அம்மா வாசலில் மறித்துக்கொள்வாள். பாவம், பெற்ற தாயிடமே சம்பந்தி மரியாதை வாங்கிக்கொண்டு கிடந்தான். எங்கள் வீட்டில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை என்று இப்போதும் சொல்வேன். அண்ணி மட்டும் கொழும்புச் செய்தி நேரத்தில் தவறாமல் ரேடியோ பக்கம் வந்து நிற்பாள்.

ஸ்டேஷன் ரோடும் காத்திருந்தது. டீக்கடையில் யாராவது ஒருத்தர், "இன்னாப்பா, மாமனாரு வந்தாரா?" என்று கேட்காத நாளில்லை. நைனாகூட, "வெங்கடாசலபதிக்கு முடிஞ்சு வெச்சுக்கீறேன், அவரு வந்தா முடி குடுக்கறதா" என்றார். பந்தயத்துக்காகவா, அவருக்காகவா என்று கேட்டேன். "ரெண்டும்தாம்மா" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

ஆடியில் பெண் குழந்தை பிறந்தது. ஆவணியில் ஒரு தந்தி வந்தது. புறப்பட்டுவிட்டேன் என்று மட்டும் அதில் இருந்தது. அண்ணி அதைக் குழந்தையின் காதருகே வாய்விட்டுப் படித்தாள்.

எழும்பூரிலிருந்து அண்ணன் அவரைக் கூட்டிவந்தான். ஒல்லியான மனிதர், கையில் குடை, அழுக்குப் படாத வெள்ளைச் சட்டை. அண்ணி குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலம்தான் அவர் கொஞ்சம் சொன்னார். கலகக்காரர்கள் வந்து ஸ்டோரில் இருந்த அரிசியையும், துரை பங்களாவில் இருந்த வேட்டைத் துப்பாக்கியையும் எடுத்துப் போனார்கள். அப்புறம் பட்டாளம் வந்தது. பக்கத்துச் சிங்கள கிராமத்தில் இரண்டு பையன்கள். சின்ன வயதில் அண்ணியோடு ஆற்றில் குளித்தவர்கள். பட்டாளத்துக்காரர்கள் அவர்களைக் கூட்டிப் போனார்கள். திரும்பி வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல அண்ணி அந்தப் பையன்களின் பெயரை ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் நைனா தலைமையில் ஸ்டேஷன் ரோடே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டு கட்சிக்காரர்களும் கைகட்டி நின்றார்கள். அண்ணன் முகத்தில் ஜெயித்துவிட்ட களை.

நைனாதான் கேட்டார். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. எங்களுக்குள்ள ஒரு சின்னப் பேச்சு. ஒங்க தோட்டத்து மேல மொதல்ல வந்த ஹெலிகாப்டர் யாரோடது? நம்மளுதா, பாகிஸ்தானுதா?"

அவர் நைனாவைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். நல்ல பதிலாகச் சொல்லி எல்லாரையும் திருப்தி செய்ய வேண்டும் என்று அவருக்கு நிஜமாகவே ஆசை. கொஞ்சம் யோசித்தார்.

"சத்தம் வந்துச்சுங்க. ரொம்பத் தாழ வந்துச்சு. நாங்க குடியிருக்கிற லயத்துக் கூரைத் தகரமெல்லாம் அதிர்ந்துச்சு. நாங்க பிள்ளைகளை இழுத்துக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில படுத்துட்டோம். மேல சாக்கைப் போட்டு மூடிக்கிட்டோம். அண்ணாந்து பாக்கலீங்க. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்." குழந்தை சிணுங்கியது. அவர் மடியை ஆட்டிச் சமாதானம் செய்துவிட்டு, தெரிந்துகொள்ள விரும்புகிறவராக அண்ணனிடம் கேட்டார். "யாரோட ஹெலிகாப்டருங்க மாப்பிள்ளை அது?"

எந்த நாடு எத்தனை அனுப்பியது, எந்தக் கிழமை அனுப்பியது என்று கோடை முழுக்கத் தொண்டை வற்றக் கத்திய என் அண்ணன் அவர் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"தெரியல மாமா" என்றான்.