மூன்றாவது மூட்டை

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காரின் முன் சீட்டில் அம்மாவுக்குப் பதிலாக ப்ளாஸ்டர் மூட்டைகளை உட்காரவைத்தது.

அப்பா பல் செட் செய்பவர். அச்செடுக்கும் ப்ளாஸ்டர் வீட்டில் எப்போதும் மூட்டைக்கணக்கில் கிடக்கும். புது செட்டை மாட்டியதும், "உங்களுக்கு ஆகாத ஒருத்தரை நல்லா திட்டுங்க பார்ப்போம்" என்பார். பல் நழுவாமல் வசை வந்தால் செட் பாஸ். சில பேர் செட் பழசான பிறகும் திட்டிவிட்டுப் போக வருவார்கள்.

கார் அவரைவிடக் கொஞ்சம்தான் இளையது. ரேடியேட்டர் கிடையாது, பின்னால் இருக்கும் எஞ்சினைக் காற்றே குளிர்விக்கும். ஷாக் அப்சார்பர் செத்து வெகுகாலம். "ஆளைக் காரில் ஏத்திக் குலுக்கிப் பல்லை உதிர்த்துட்டு, செட்டையும் இவனே விக்கிறான்" என்று தெருவில் பேச்சு.

அம்மா அதில் ஏறுவதை நிறுத்தியது ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று. பள்ளத்தில் வண்டி விழ, நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்க முடியவில்லை. அதைவிடப் பெரிய தண்டனை அவளுக்கு இல்லை. அன்றிலிருந்து பஸ்தான். அப்பா பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிப்போய், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கையாட்டுவார். அம்மா யாரோ போல முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவளை மறுபடி ஏற்றிவிட வேண்டும். அதற்காகத்தான் புது ஷாக் அப்சார்பர்கள். பின்பக்கம் ஸ்ப்ரிங்குக்குப் பதில், முறுகிக் குலுக்கலைத் தாங்கும் இரும்புக் கம்பி உண்டு. அதையும் தடிமனாக வாங்கினார். கம்பியின் முனைகளில் வெட்டிய பற்கள். எந்தப் பல்லில் மாட்டுகிறோமோ அதைப் பொறுத்து வண்டி உயரும், தாழும். கம்பிக்கும் பல் இருந்ததில் அவருக்கு ஏகப் பெருமை.

மகள் எஞ்சினியர். எடை தெரியாமல் உயரம் வைக்க மாட்டாள்.

"அம்மா எவ்வளவு எடைப்பா?"

"எங்க கல்யாணத்தன்னைக்கு அவ இருந்த எடைதான் எனக்குத் தெரியும்."

"அது பழைய கதை."

"அதைப் போய் அவகிட்ட நீ சொல்லு. நான் இங்கேயே இருக்கேன்."

இரண்டு மூட்டைகளை வைத்து, பெல்ட் மாட்டி, அம்மாவின் சால்வையையும் போர்த்திவிட்டு, பக்கத்தில் ஸ்டியரிங் முன் அமர்ந்தார். "எவ்வளவு அமைதியா வர்றா பாரு" என்றார்.

"ரெண்டு பத்தாதுப்பா."

"மெதுவா பேசு. ஜன்னல் திறந்திருக்கு."

திறந்துதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது மூட்டையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு அம்மா வந்தாள்.

"இதையும் போடுங்க."

"மரியாதைக்காகத்தான் குறைச்சேன்."

"மரியாதையை என்கிட்ட காட்டுங்க. கம்பிகிட்ட எதுக்கு?"

மூன்றாவதை வைத்ததும் வண்டி அவள் பக்கம் சாய்ந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பா கம்பியை மறுபடி கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டினார். மகள் அளந்தாள். இரண்டு பக்கமும் சமம். மூட்டைகளை இறக்கினார்கள்.

"இப்ப ஏறுவியா?"

"வீல் அலைன்மென்ட் பார்த்துட்டு வாங்க. நேரா ஓடினா யோசிக்கிறேன்."

"சனிக்கிழமை போறேன்."

வெள்ளிக்கிழமை, பட்டறையில் ஒரு மேல்வரிசைப் பல் செட்டைத் தீட்டிக்கொண்டிருந்தபோது அவர் இதயம் நின்றது. மேசையில் தலை சாய்த்திருந்தார். மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது. மகள்தான் அதை நிறுத்தினாள்.

வந்தவர்களெல்லாம் போய் வீடு வெறிச்சென்று ஆன பிறகு, ஒரு காலையில் மகள் கார்ச்சாவியை எடுத்தாள்.

"எங்கே?" என்றாள் அம்மா.

"அலைன்மென்ட்டுக்கு. அப்பா போகவே இல்லை."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, முன்கதவைத் திறந்து ஏறினாள்.

"நேரா ஓடினாத்தான் ஏறுவேன்னு சொன்னியே."

"அது அவர்கிட்ட பண்ணின பிகு. நீ எடு."

"ஒரு பக்கமா இழுக்கும்மா."

"இழுக்கட்டும்."