சிப்ஸ் அடுப்போரம் ஒரு மாடல் டெஸ்ட்

படிக்காம ஓடியாந்தவனுக்குப் படிக்கறவங்கள மேய்க்கற வேலை கெடைக்குமா? எனக்குக் கெடச்சுதுங்க. பாலிடெக்னிக்கப் பாதில உட்டுட்டு, மலை மேல செம்மேட்டுல டீக்கடைக்கு மாடில நடந்த டுடோரியல்ல அட்டெண்டரா சேந்தேன். டாக்டருக்கும் இஞ்சினியருக்கும் நம்ம கவர்மெண்டே என்ட்ரன்ஸ் வெச்ச காலம். அத எழுதுனவங்களும், கேட்டுக்கு வெளிய நின்னு நகம் கடிச்சவங்களும் கிட்ட வாங்க, நாமெல்லாம் ஒரே வார்டு பேஷண்டுங்க.

மறுபடியும் பொன்னி

அதே மலைல ஆலத்தூர் நாட்டுப் பொண்ணு பொன்னி. டாக்டருக்குத்தான் படிப்பேன்னு புடிவாதம். போன வருசம் பரிட்சையன்னிக்கு மொத பஸ் புடிச்சு, வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து நாமக்கல் போய்ச் சேந்தா. ஹால்ல சித்திர வெயிலு. குளுருலயே வளந்த புள்ள. வேர்வை சொட்டி விடைத்தாள் நனஞ்சு, பென்சில் வெச்ச எடமெல்லாம் கிழிஞ்சு, பாதில மயங்கி உழுந்துட்டா.

இந்த வருசம் அவங்கப்பா மறுபடி கூட்டியாந்து எங்க டுடோரியல் சாரு முன்னால நிறுத்துனாரு. சேர் போட்டும் உக்காரல.

"இந்த ஒரு தடவதானுங்க சாரு. இதுலயும் மயங்கி உழுந்தான்னா, அடுத்து அவ உக்கார்றது மணவறைலதான்."

அடுப்புப் பக்கம் பெஞ்சு

பாடத்துல பொன்னிய அடிச்சுக்க ஆளில்ல. "சார், புள்ளைக்கு வெயிலுதான் சிலபஸ்ல பாக்கி"ன்னேன். சாரு மொறச்சாரு. நான் பேசாம பெஞ்சத் தூக்கி, கீழ டீக்கடைல மரவள்ளி சிப்ஸ் பொரிக்கற அடுப்புக்குப் பக்கத்துல போட்டுட்டேன். இனி மாடல் டெஸ்ட்டு அங்கதான்.

மொத நாளு பாதில எந்திரிச்சு ஓடுனா. அப்பறம் மணிக்கட்டுல கர்ச்சீப் கட்டிக்கிட்டா, கைக்கு அடில ஒரு அட்டை. மொகமெல்லாம் செவந்து உக்காந்து வட்டம் வட்டமா ஷேட் பண்ணுனா. ஒரு நாளு தாள் நனையாமயே முடிச்சுட்டா. டீ மாஸ்டருக்குத்தான் பொறுக்கல.

"ஏன்டா, இந்தப் புள்ளைய டாக்டராக்கப் போறியா, சிப்ஸோட சேத்துப் பொரிச்செடுக்கப் போறியா?"

பெரியம்மா ஊட்டு வாசல்

வாந்தியெடுத்த வயித்தோட பரிட்சை எழுதக்கூடாதுன்னு முந்துன நாளே மலைய உட்டு எறங்கிட்டோம். தங்கறதுக்கு பேளுக்குறிச்சில எங்க பெரியம்மா ஊடு. பொன்னியோட அப்பா எலுமிச்சம்பழம் வாங்கக் கடைல நின்னுக்கிட்டாரு. நானும் பொன்னியும் மட்டும் போனோம். வாசப்படிய மிதிக்கல, பொன்னி குனிஞ்சு ஓ...ன்னு வாந்தி.

பெரியம்மா என்னையப் பாத்துது, பொன்னியப் பாத்துது, மாருல அடிச்சுக்கிட்டு கத்த ஆரம்பிச்சிருச்சு. தெருவே கூடிருச்சு. நல்லவேளை, அவங்கப்பா பழத்தோட ஓடியாந்து விசயத்தச் சொன்னாரு.

"பரிட்சைக்கு வந்த வாந்தியாடா? படுபாவி, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன! நீ உள்ள வா கண்ணு, ரசஞ்சோறு சாப்புடு."

கேட்டுக்கு வெளிய

மறுநாளு நாமக்கல்ல தாரு உருகுது. வேப்பமரத்தடில அவங்கப்பா குத்தவெச்சு கேட்டையே பாத்துட்டிருந்தாரு. திடீர்னு ஒரு புள்ளைய ரெண்டு பேரு தாங்கிப் புடிச்சு வெளிய கொண்டாந்தாங்க. பொன்னி கட்டிருந்த அதே ஊதாத் தாவணி. அவரு எந்திரிக்கறதுக்குள்ள நான் ஓடிப்போயி பாத்தேன். வேற யாரோ பெத்த புள்ள. அப்பாடான்னு மூச்சு உட்டேன், உட்டதும் எனக்கே அசிங்கமாயிருச்சு.

கடைசி மணி அடிச்சுது. கூட்டத்துல கர்ச்சீப் கட்டுன கை ஒண்ணு தெரிஞ்சுது.

"அண்ணா, நம்ம அடுப்புக்கு இந்த வெயிலு ஒண்ணுமே இல்லீங்கண்ணா. சிப்ஸ் வாசம்தான் கொறை."

வந்த சீட்டு

டாக்டர் சீட்டு மயிரெழையில போயிருச்சு. மாட்டு டாக்டர் சீட்டுதான் வந்துது. பொன்னி மூலைல அழுதுட்டிருந்தா. அவங்கப்பாகிட்ட சொல்ல சாருக்கே பயம், என்னையத் தள்ளி உட்டாரு. நான் மென்னு முழுங்கிச் சொன்னேன். மனுசன் மூலைக்குப் போயி மக பக்கத்துல குத்தவெச்சாரு.

"மனுசன்னா டாக்டரத் தேடி பஸ் ஏறிப் போயிருவான். நம்ம மாடு எந்த பஸ்ல ஏறும்? மணவறை எங்கயும் ஓடிராது, நீ போயி படி சாமி."

எம் பொழப்புல நான் பாதில ஓடாம, வேர்க்க வேர்க்கக் கடைசி மணி வரைக்கும் இருந்த ஒரே பரிட்சை, கேட்டுக்கு வெளிய நின்னதுதானுங்க.