ஆமைக்காக அறுத்த வலை

கேளம்பாக்கத்து வனத்துறை அலுவலகத்தில் வலையைத் திருப்பிக் கேட்டுவிட்டு, வெறுங்கையோடு வண்டலூர் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். முன்னால் கோவளத்து மீனவர், வலைக்குச் சொந்தக்காரர். பின்னால் நான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி வெயில்.

"கப்பல் சோறு துன்னவன் எங்கூட எதுக்குடா வர்றே?" என்றார் திரும்பாமலே.

"அந்தச் சோறுதான் காலைலயே போச்சேண்ணா."

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. அப்போது, கடலுக்கடியில் எண்ணெய் தேடும் ஒரு கப்பலுக்குக் காவல் போன படகில் கூலி. கப்பல் தன் பின்னால் மைல் கணக்கில் கேபிளை இழுத்துப் போகும். அதன்மேல் மீன்படகுகள் ஏறாமல் கத்தி விரட்ட வேண்டும். கேபிளின் கடைசியில் பெரிய மிதவை. அதன் இரும்புச் சட்டத்துக்குள் ஆமைகள் சிக்கிச் செத்துக்கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். முட்டையிடக் கரை தேடி வந்த பங்குனி ஆமைகள். கம்பால் குத்தித் தள்ளச் சொன்னார் சூப்பர்வைசர்.

அவை கோவளம் மணலில் ஒதுங்கின. ஆமையைக் காக்கும் சட்டம் ஜீப்பில் வந்து இறங்கியது. கண்ணெதிரே காய்ந்துகொண்டிருந்தது இவருடைய வலை. இதில் மாட்டித்தான் செத்தன என்று அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இவர்கள் வலையில் ஆமை ஏறினால் கொல்ல மாட்டார்கள். அது சாமி. வலையை அறுத்து விட்டுவிட்டு, அறுத்த இடத்தைப் பச்சை நூலால் பொத்துவார்கள். பச்சை அதிகமுள்ள வலைக்காரனுக்குக் குப்பத்தில் மரியாதை. அந்தப் பெருமையில்தான் அலுவலகத்தில் அதிகாரியின் முன்னால் வலையை விரித்துக் காட்டினார்.

"பாரு சார், ஒவ்வொரு பச்சையும் ஒரு ஆமை. உசுரோட வுட்டது."

"அப்ப உன் வலையில ஆமை மாட்டுதுன்னு நீயே ஒத்துக்கறே. ரைட்."

நான் மிதவையைப் பற்றிச் சொன்னேன். சாட்சி சொல்லப் போகிறேன் என்றதற்காகவே அன்று காலை என்னைப் படகிலிருந்து இறக்கிவிட்டிருந்தார்கள்.

"அது ஆழ்கடல்ப்பா. சென்ட்ரல் பர்மிஷன். நாங்க கரையத்தான் பார்க்க முடியும்."

"அப்ப கப்பலை யார் சார் பார்ப்பாங்க?"

"வெளிய போ."

கேஸ் முடியும்வரை வலை அங்கேதான். வெட்டவெளியில் கிடந்தால் நைலான் இற்றுப்போகும். வேறு வலை அவருக்கு இல்லை. எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றால் தலைவணங்குவேன். கொன்றவனுக்கு அனுமதி, உயிரோடு விட்டவனுக்கு வழக்கு என்றால் அதற்குப் பெயர் சட்டமில்லை, அயோக்கியத்தனம்.

வண்டலூரில், பல்லாவரத்துக்குப் போகும் ஒரு ஜல்லி லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். தாம்பரத்தில் டீ குடிக்கும்போது மீனவர் சொன்னார்.

"இனிமே பச்சை நூலு கெடையாது."

"ஆமைய அறுத்து வுட மாட்டீங்களா?"

"வுடாம? கொல்லச் சொல்றியா, பேமானி? வுடுவேன். வலை நெறத்துலயே பொத்திட்டு வாய மூடிகினு இருப்பேன். செஞ்ச நல்லத மறைக்கணும்டா இனிமே, திருடன் மாதிரி."

"வலை வர்றவரைக்கும் இன்னா பண்ணப் போறீங்க?"

"நீ இன்னா பண்ணுவியோ அதான்."

மறுநாள் காலை பல்லாவரத்தில் ஒரு கல் உடைக்கும் கிரஷரில், லாரிக்கு ஜல்லி ஏற்றும் வேலையில் இருவரும் சேர்ந்தோம். இதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தாய் என்று மேஸ்திரி அவரைக் கேட்டார்.

"கூலி," என்றார். கூடையை எடுத்துக்கொண்டு போனார்.