அம்மனிடம் சொன்ன பெயர்

ஒலிபெருக்கியில் அந்த நடிகரின் பெயர் கேட்டபோது நான் சொம்போடு கூழ் வரிசையில் நின்றிருந்தேன். திருவொற்றியூர்க் குப்பத்தில் ஆடிக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை. யாருக்காக, என்ன நோய்க்காக வேண்டுகிறோம் என்று பூசாரியின் காதில் சொல்ல வேண்டும். அவர் அதை அம்மனிடம் உரக்கக் கேட்பார். அந்த வருடம் யாரோ ஆர்வக்கோளாறில் அவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். நடிகரின் பெயரைச் சொல்லி, "கிட்னி தேறணும் ஆத்தா" என்று அவர் கேட்டது தெரு முழுக்க ஒலித்தது. அந்தப் பெயரை அவர் காதில் சொல்லிவிட்டுச் சன்னதியில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு மட்டும் ஒன்றும் உறைக்கவில்லை.

அக்கா எங்கள் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் மூத்த நர்ஸ். நான் அங்கே டெக்னீஷியன். வியாசர்பாடியில் பிறந்து சினிமாவில் சிரிக்கவைத்த அந்த மனிதர் வேறு பெயரில், பின்வாசல் வழியாக வந்துபோவார். அவர் பெயரை நான் இங்கேயும் எழுதப்போவதில்லை. "வெளில தெரிஞ்சா எவனும் சான்ஸ் தரமாட்டான்க்கா" என்று அவர் கெஞ்சியதிலிருந்து, அக்கா தன் வீட்டுக்காரரிடம்கூட வாய் திறக்கவில்லை. பிரபலங்களின் ஸ்கேன் படத்தை வாட்ஸ்அப்பில் தட்டிவிடும் புண்ணியவான்கள் எங்கள் இடத்திலும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் மாட்டியதில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பூசாரியின் குரலை யாரோ செல்போனில் பிடித்துவிட்டார்கள். மறுநாள் மருத்துவமனை வாசலில் கேமராக்கள். விசாரணையில் அக்கா மறைக்கவில்லை. அந்தப் பொய்ப் பெயரையே சொல்லியிருக்கலாமே என்று மேனேஜர் கேட்டதற்கு, "ஆத்தாவாண்ட போயி பொய்ப் பேரு சொல்ல முடியுமா சார்?" என்றார். வேலை போயிற்று. நடிகருக்கும் கையில் இருந்த படம் நழுவியது. அவர் வேறு ஊருக்குச் சிகிச்சைக்குப் போய்விட்டார்.

அக்காவுக்காக நான் ஏங்கிய மதியங்கள் எத்தனையோ. அவர் டிபன் பாக்ஸைத் திறந்தால் அறையெங்கும் கருவாட்டு வாசம். யாராவது முகம் சுளித்தால், "இன்னா, உனுக்கும் ஒரு துண்டு வோணுமா?" என்பார். இப்போது நாங்கள் ஆளுக்கொரு மூலையில் செல்போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.

சென்ற மாதம் அந்த நடிகர் மறுபடி வந்தார், இன்னொரு பெயரில். நாற்காலியில் சாய்ந்ததும் சுற்றிலும் பார்த்தார். "அந்தக்கா எங்கம்மா? அவங்க மேல எனக்குக் கோவமே இல்ல. எனக்கோசரம் வேண்டிக்கினவங்க வேற யாரு கீறாங்க?" என்றார். அக்காவின் காதில் விழ வேண்டிய வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால், அவர் வந்திருப்பதையும் சொன்னதாகிவிடும்.

போன வாரம் ராயபுரம் மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். இளைத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவுரு எப்டி கீறாரு, எதுனா தெரியுமாடி?" என்றார்.

"தெரியாதுக்கா."

என் முகத்தையே பார்த்தார். பிறகு சிரித்து, "சரிடி" என்று கையை விட்டார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி நின்று கேட்டார்: "வேளைக்கு சாப்புடுறாராடி?"

மீன்காரம்மாவிடம் விலை கேட்பதுபோல் நான் திரும்பிக்கொண்டேன்.